ஊமை கண்டுபிடித்த ஆட்டம்

எங்கள் தெருவில் ஒருவர் இறந்தால் அந்த வீடு ஒன்பது நாளைக்கு இரண்டாகப் பிரிந்துவிடும். கூடத்தில் பெண்கள் இருப்பார்கள். ஜெபமாலை சொல்வார்கள், அழுவார்கள், செத்தவரைப் பற்றிப் பேசுவார்கள், இருப்பவர்களையும் விட்டுவைக்கமாட்டார்கள். வாசலில் தார்ப்பாய் கட்டி அதன் கீழே ஆண்கள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்குக் காபி, கொஞ்சம் ரம், ஒரு டோமினோ மேசை. அழுகைச் சத்தம் வெளியே கேட்கும். காய்களை மேசையில் அறையும் சத்தம் உள்ளே கேட்கும். எதிர்ப்பக்கத்துச் சத்தம் காதில் விழாததுபோல இருப்பதுதான் இரு பக்கத்தாருக்கும் மரியாதை.

பெர்சியோ மத்தோஸ் அந்த எல்லையை ஒரே ஒரு முறை தாண்டினார். அவர் மனைவி நெரெய்டா இறந்த நான்காம் நாள் மாலை அது. கையிலிருந்த காய்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார். கொல்லைப்பக்கம் போகிறார் என்று மேசையில் இருந்தவர்கள் நினைத்தார்கள். அவர் கூடத்துக்குள் போய், தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். ஜெபமாலை பாதியில் நின்றது.

“ஒண்ணு கேக்கணும்,” என்றார். “நெரெய்டாவுக்குக் கட்டி இருந்தது உங்களுக்கெல்லாம் முன்னாடியே தெரியும்னு சொல்றாங்க. நெசமா?”

மெழுகுவத்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையற்காரி மட்டும், “பிப்ரவரியிலயே நெரெய்டா எங்ககிட்ட சொன்னாங்க, தொன் பெர்சியோ,” என்றாள். அருகிலிருந்தவள் அவள் தொடையைக் கிள்ளினாள்.

அப்போது ஜூன் மாதம் நடந்துகொண்டிருந்தது.

“எனக்கு டாக்டர் சொல்லித்தான் தெரியும். அதுவும் கடைசி வாரத்துல. தெரு பூரா தெரிஞ்சிருக்கு. பக்கத்துல படுத்திருந்தவனுக்குத் தெரியல. ஏன் எங்கிட்ட மட்டும் சொல்லல?”

பக்கத்து வீட்டு சுனில்டா எழுந்து வந்தாள். நெரெய்டாவுக்கு உயிர்த்தோழி. கணவனை இழந்து எட்டு ஆண்டுகளாகத் தனியாக இருப்பவள். அவள் அவருடைய முழங்கையைப் பிடித்து, பாதை தெரியாத ஒருவரைத் திருப்பிவிடுவதுபோலத் திருப்பிவிட்டாள்.

“இப்ப இதெல்லாம் வேணாம், தொன் பெர்சியோ. வெளியில உங்க ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க. காபி அனுப்பறேன், போங்க.”

அவர் வெளியே வந்து உட்கார்ந்தார். எதிரில் அவருடைய ஆட்டக் கூட்டாளி செகுந்தோ. பெர்சியோவின் மகள் அரேலிஸுக்கு ஞானத்தகப்பன். மற்றவர்கள் பெர்சியோவை மரியாதைக்குத் தொன் என்பார்கள்; இந்த உறவால் நாற்பது ஆண்டுகளாக இவர்கள் இருவரும் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

“உங்க முறை, கொம்பாத்ரே,” என்றார் செகுந்தோ.

பெர்சியோ காய்களை நிமிர்த்தினார். கூடத்தில் ஜெபமாலை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் அவர் மீதி வருடத்தைக் கழித்தார்.

பெர்சியோ முப்பது ஆண்டுகள் எங்கள் ஊரான அசுவாவிலிருந்து தலைநகருக்குப் பேருந்து ஓட்டியவர். அவர் தலைக்கு மேலே ‘ஓட்டுநரிடம் பேச வேண்டாம்’ என்று எழுதியிருக்கும். பயணிகள் அதை மதித்ததில்லை. மதித்தவர் அவர் ஒருவர்தான். பின்னால் சண்டை நடக்கும், காதல் நடக்கும், கோழிகள் கத்தும். அவர் திரும்பிப் பார்க்கமாட்டார். வீட்டுக்கு வந்தாலும் அந்தப் பலகை தலைக்கு மேல் தொங்கிக்கொண்டேதான் இருந்தது. யாருக்குப் பிறந்தநாள், யார் வீட்டில் காய்ச்சல், எந்த உறவினரோடு பேச்சுவார்த்தை, எவரோடு இல்லை என்பதெல்லாம் நெரெய்டாவின் பொறுப்பு. தொலைபேசியில் அக்கா அழைத்தால்கூட, “இரு, நெரெய்டாகிட்ட குடுக்கறேன்,” என்பார். உலகத்தோடு அவருக்கு இருந்த உறவெல்லாம் மனைவி வழியாகத்தான் வந்துபோனது. அவருக்கு அது தெரியாது. குழாயில் தண்ணீர் வரும்வரை ஊருக்கு வெளியே இருக்கும் தொட்டியை யார் நினைக்கிறார்கள்?

அவர்களுக்கு முதலில் பிறந்தது ஒரு பையன். எட்டு மாதத்தில் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். காலையில் அடக்கம் செய்துவிட்டு, மதியப் பேருந்தை பெர்சியோ எடுத்தார். “ஆம்பளைன்னா அப்படி இருக்கணும்,” என்று பேருந்து நிலையம் முழுக்கப் பேசினார்கள். அடுத்து வந்த வாரங்களில் விடுப்பே எடுக்காமல் இரட்டை முறை ஓட்டினார். வீட்டுக்கு வந்து சாப்பிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு ஒருநாள் ரத்த வாந்தி எடுத்தார். வயிற்றில் புண். மார்பில் பால் இன்னும் வற்றாத நெரெய்டா அவருக்குச் சோளக்கஞ்சி காய்ச்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அதை யாரும் பேருந்து நிலையத்தில் பேசவில்லை. அதில் பேச என்ன இருக்கிறது? பெண்பிள்ளை என்றால் அப்படித்தான் இருப்பாள்.

அவருக்கென்று ஒரே ஓர் இடம் இருந்தது: ஒவீதியோவின் மளிகைக் கடைக்கு முன்னால், பாதாம் மரத்தடியில் கிடந்த டோமினோ மேசை. வெயில் தாழ்ந்ததும் நான்கு பேர் உட்காருவார்கள். பெர்சியோவும் செகுந்தோவும் ஒரு கூட்டு. கடைக்கார ஒவீதியோவும் தக்காளித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்த தூலியோவும் எதிர்க்கூட்டு. கடைச் சுவரில் பெயிண்ட்டால் எழுதியிருந்தது: ‘டோமினோவைக் கண்டுபிடித்தவன் ஊமை.’ எங்கள் நாட்டில் எல்லா மேசையிலும் சொல்லும் பழமொழி அது. ஆட்டத்தின்போது பேசினால் கூட்டாளிக்கு ஜாடை காட்டுவதாகிவிடும். ஆகவே பேச்சு கிடையாது. ஒவ்வொரு காயிலும் இரண்டு எண்கள்; மேசையில் நீளும் வரிசையின் ஏதாவதொரு முனை எண்ணோடு பொருந்தும் காய் கையில் இருந்தால் வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் விரல் மூட்டால் மேசையைத் தட்ட வேண்டும். முறை அடுத்தவருக்குப் போய்விடும். காயை வைத்துக்கொண்டே தட்டுவதற்குப் பெயர் கள்ளத்தட்டு. மனைவியை ஏமாற்றியவனை அந்த மேசையில் சேர்த்துக்கொள்வார்கள். கள்ளத்தட்டுத் தட்டியவனைச் சேர்க்கமாட்டார்கள். பெர்சியோ ஒருமுறை தம் சொந்த மைத்துனனை அதற்காக எழுப்பிவிட்டு, அவனோடு ஆறு ஆண்டுகள் பேசாமல் இருந்தார். நெரெய்டாதான் அந்த வீட்டுக்கும் பலகாரம் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

நான்கு பேரும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றாக ஆடியவர்கள். தூலியோவின் இளைய மகள் வீட்டைவிட்டுப் போனதும், ஒவீதியோவுக்குச் சர்க்கரையால் கால்விரல் எடுத்ததும் அந்த மேசைக்கு நேராக வந்த செய்திகள் அல்ல. அவரவர் மனைவி நெரெய்டாவிடம் சொல்லி, நெரெய்டா பெர்சியோவிடம் சொல்லி, அவர் மறுநாள் மேசையில் ஒன்றும் தெரியாதவர்போல உட்கார்ந்திருப்பார். அதை நட்பு என்று அவர்கள் எண்ணினார்கள். நட்பில்லை என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒரு மனிதன் மற்றவனுடைய துக்கத்தைப் பார்க்காததுபோல இருப்பதை எவ்வளவு தூரம் நட்பு என்று அழைக்கலாம் என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை.

ஒன்பது நாள் முடிந்ததும் தார்ப்பாயை அவிழ்த்தார்கள். மகள் அரேலிஸ் தலைநகரில் ஒரு மருந்தகத்தில் வேலை பார்க்கிறாள். சனிக்கிழமைதோறும் பேருந்தில் வந்து, துணி துவைத்து, சமைத்துக் குளிர்பெட்டியில் அடுக்கிவிட்டு ஞாயிறு மாலை திரும்பினாள். மற்ற நாட்களில் தெருப் பெண்கள் கிண்ணம் அனுப்பினார்கள். ஒரு வீட்டிலிருந்து வாழைக்காய் மசியல், இன்னொரு வீட்டிலிருந்து ஆட்டுக்கறி, மூடியாக இன்னொரு கிண்ணம். பெர்சியோ சாப்பிட்டார். கிண்ணங்களைப் பேருந்துச் சக்கரம் கழுவுகிற அக்கறையோடு தேய்த்துக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். வெறும் கிண்ணமாக.

எங்கள் தெருவில் எவரும் வெறும் கிண்ணம் திருப்புவதில்லை. இரண்டு எலுமிச்சை, ஒரு பிடி கொத்தமல்லி, ஒன்றுமில்லாவிட்டால் கொஞ்சம் உப்பு. வெறும் கிண்ணம் வந்தால், போதும், இனி அனுப்பாதே என்று அர்த்தம். ஐம்பது ஆண்டுகள் அந்தத் தெருவில் குடியிருந்தவருக்கு அது தெரியாது. அவர் கண்ணெதிரே தினமும் நடந்ததுதான். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களின் பேச்சைப்போல அதையும் அவர் திரும்பிப் பார்த்ததில்லை. பெண்களுக்கு முதலில் மனத்தாங்கல், பிறகு கோபம், பிறகு சலிப்பு. கிறிஸ்துமஸுக்குள் கிண்ணங்கள் நின்றுவிட்டன.

“பொம்பள போனா ஆம்பள வருச ஜெபத்தைப் பாக்க உசிரோட இருக்கமாட்டான்,” என்று சுனில்டா அழகு நிலையத்தில் சொன்னாளாம். தலையில் சுருட்டுக் குழல்களோடு வரிசையாக உட்கார்ந்திருந்த பெண்கள் ஆமோதித்தார்கள்.

“என் மாமனார் ஏழு மாசம்.”

“எங்க சித்தப்பா மூணே மாசம். நல்லா திங்கிற ஆளு.”

“உன் புருசன் போயி எட்டு வருசமாச்சே சுனில்டா, நீ மட்டும் எப்படி இப்படி மினுமினுன்னு இருக்க?”

“அவன் சட்டையை இஸ்திரி போடறதில்லல்ல,” என்றாள் சுனில்டா. உலர்த்திகளின் இரைச்சலை மீறிச் சிரிப்பு எழுந்தது. அரேலிஸும் அன்று அங்கே இருந்தாள். அவளும் சிரித்தாள் என்றுதான் சொன்னார்கள்.

அவளைச் சுற்றி எப்போதும் நான்கு பெண்கள் இருந்தார்கள். அணைத்துக்கொண்டார்கள், காபி கொடுத்தார்கள், அழவிட்டார்கள். அழுது முடித்ததும், “அப்பாவைப் பாத்துக்க, மகளே, அவருக்கு உன்ன விட்டா யாரு இருக்கா?” என்று சொல்லி அனுப்பினார்கள். எனக்குத் தெரிந்தவரை, பெண்களுக்குக் கிடைக்கும் ஆறுதலோடு எப்போதும் ஒரு வேலையும் சேர்ந்து வரும்.

தவக்காலம் வந்தது. அந்த நாட்களில் எல்லா வீட்டிலும் அவரையையும் தேங்காய்ப்பாலையும் சேர்த்து இனிப்புக் காய்ச்சுவார்கள். வீட்டுக்கு வீடு கிண்ணம் போகும், வரும். நெரெய்டா காய்ச்சினால் தெருவே வாசனை பிடிக்கும். அந்த வருடம் பெர்சியோவின் வீட்டு அடுப்பில் ஒன்றும் இல்லை. ஆனாலும் சுனில்டா மனம் கேளாமல் ஒரு கிண்ணத்தை வேலிக்கு மேலாக நீட்டினாள். மறுநாள் காலை அவர் அதைக் கழுவித் துடைத்து நீட்டியபோது அவளுக்குப் பொறுக்கவில்லை.

“தொன் பெர்சியோ, உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?”

“ஏன்?”

“வெறுங்கிண்ணத்தைக் குடுக்கறீங்களே. நெரெய்டா இருந்தா நாக்கைப் புடுங்கிக்குவா.”

அவருக்குப் புரியவில்லை. அவள் விளக்கிச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். கிண்ணங்கள் ஏன் நின்றன என்பதை அப்போதுதான் அறிந்தார். “யாரும் சொல்லலையே,” என்றார்.

“இதெல்லாமா சொல்லுவாங்க?”

“நெரெய்டாவும் சொல்லல.”

அவர் சொன்னது கிண்ணத்தைப் பற்றி அல்ல என்று சுனில்டாவுக்குத் தெரிந்தது. வேலியின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். ஜூன் மாதம் முழங்கையைப் பிடித்துத் திருப்பிவிட்டவளுக்கு இப்போது திருப்பிவிட இடமில்லை. இரண்டு பேரும் அவரவர் கொல்லையில் நின்றார்கள்.

“ஏன் எங்கிட்ட சொல்லல, சுனில்டா? உனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?”

“சொல்லு.”

அவள் சொன்னாள். “நானும்தான் சொல்லச் சொன்னேன், தொன் பெர்சியோ. ஒரு தடவை இல்ல. அதுக்கு அவ சொன்னா: ‘அவர்கிட்ட சொன்னா அவரையும் நான்தான் தேத்தணும். எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல.’ அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல.”

அவர் கழுவிய கிண்ணத்தை வேலியின்மேல் வைத்தார். பிறகு, “நான் தாங்கியிருப்பேன்,” என்றார்.

“எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறாங்க.”

“தாங்கியிருப்பேன், சுனில்டா.”

“பையன் செத்தப்ப யாரு யாருக்குக் கஞ்சி ஊத்துனா?” என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக அவளே வருந்தி, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். இதை என்னிடம் சொன்னபோது, அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் தேவலை என்றாள். ஆனால் அது பொய்யில்லை என்பதையும் சேர்த்தே சொன்னாள்.

அன்று மாலை பெர்சியோ வழக்கத்தைவிட முன்னதாகவே மேசைக்கு வந்தார். சட்டை மாற்றியிருந்தார். சவரம் செய்திருந்தார். ஒரு முடிவோடு வந்த மனிதனின் முகம். நான் கடையில் எண்ணெய் வாங்கிக்கொண்டு நின்றேன். முதல் ஆட்டத்தின் நடுவில், தம் முறை வந்தபோது, காயைக் கையில் வைத்துக்கொண்டே வாயைத் திறந்தார்.

“நெரெய்டா எங்கிட்ட ஏன் சொல்லலைன்னா...”

மூன்று பேரும் காய்களையே பார்த்தார்கள். தூலியோவின் கழுத்து சிவந்தது. ஒவீதியோ கடைச் சுவரை மோவாயால் காட்டி, “தொன் பெர்சியோ, அங்க என்ன எழுதியிருக்கு? ஊமை, ஊமை,” என்று சிரித்தார். அது கேலி இல்லை. அவருக்கு வேறு எதுவும் கையில் அகப்படவில்லை. நெருப்பைக் கண்டவன் பக்கத்தில் கிடக்கும் எதையாவது எடுத்து அணைக்கப் பார்ப்பதுபோல ஒரு வார்த்தையை எடுத்து வீசினார்.

“உங்க முறை, கொம்பாத்ரே,” என்றார் செகுந்தோ மெதுவாக.

பெர்சியோ காயை வைத்தார்.

பிறகு நடந்ததை அவர்கள் மூவரும் கூடிப் பேசித் திட்டமிட்டார்களா, அல்லது பேசாமலே ஒரே எண்ணம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. அந்த ஆட்டத்தில் பெர்சியோ ஜெயித்தார். அடுத்ததிலும் ஜெயித்தார். அதற்கடுத்ததில், இரண்டு முனைக்கும் பொருந்தும் காயோடு முடித்தார். அப்படி முடிப்பது அபூர்வம், அதற்குத் தனிப் புள்ளி உண்டு. நான்காவதிலும் அப்படியே முடித்தார். “அட, இன்னிக்கு இந்த ஆளை யாரும் புடிக்க முடியாது!” என்று தூலியோ தொடையைத் தட்டினார். தூலியோ தோற்றுவிட்டுச் சிரித்ததை அந்த மேசை அதுவரை கண்டதில்லை.

ஐந்தாவது ஆட்டத்தில் தூலியோ மேசையைத் தட்டினார். முறை சுற்றி வந்தபோது பெர்சியோ தம் கடைசிக் காயை வைத்து முடித்தார். உடனே தூலியோ கையிலிருந்தவற்றைக் கவிழ்த்துக் குவியலோடு கலக்கப் போனார். பெர்சியோவின் உள்ளங்கை அவற்றின்மேல் வந்து விழுந்தது. ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். ஐந்தும் மூன்றும் கொண்ட காய் அதில் இருந்தது. தூலியோ தட்டியபோது முனையில் கிடந்தது ஐந்து.

“தூலியோ,” என்றார் பெர்சியோ. “இருபது வருசம்.”

“தொன் பெர்சியோ, கண்ணு தெரியல. இருட்டிருச்சு பாருங்க.”

“வெயில் இன்னும் சுவத்துல அடிக்குது.” எதிரே திரும்பினார். “உனக்குத் தெரியுமா?”

செகுந்தோ காய்களைக் குவித்துக் கலக்க ஆரம்பித்தார். அதுவே பதில்.

“ஒரு வார்த்தை கேட்டேன்,” என்றார் பெர்சியோ. “ஒரே ஒரு வார்த்தை பேசவிடச் சொன்னேன். அதுக்குப் பதிலா எனக்குப் பிச்சை போடறீங்களா? கொழந்தைக்கு விட்டுக்குடுக்கிற மாதிரி?”

“கொம்பாத்ரே, நாங்க உங்க சந்தோசத்துக்குத்தான்...”

“என்ன கொம்பாத்ரேன்னு கூப்பிடாத.”

அவர் எழுந்து போனார். நாற்காலி மண்ணில் சாய்ந்து கிடந்தது. யாரும் அதை எடுத்து நிறுத்தவில்லை.

இதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த மூன்று பேரும் தங்களிடம் இருந்ததிலேயே விலை உயர்ந்ததைக் கொடுத்தார்கள். ஆட்டத்தின் நாணயத்தைத் தவிர அவர்களிடம் வேறு சொத்து இல்லை; அதை நண்பனுக்காக உடைத்தார்கள். கேட்டுக்கொண்டிருப்பது அதைவிட எளிது, செலவும் இல்லை. ஆனால் அது அவர்களுக்குத் தெரிந்த வேலை அல்ல. பெர்சியோவுக்கோ கிண்ணத்தின் விதி தெரியாது, மேசையின் விதி அளவுக்குமீறித் தெரியும். தெரியாத விதியால் ஒரு பக்கம் போயிற்று. தெரிந்த விதியால் மறுபக்கமும் போயிற்று.

அதன்பின் அவர் வீட்டைவிட்டு வருவது அரிதாயிற்று. செகுந்தோ இரண்டு முறை வந்து கதவைத் தட்டினார். உள்ளே வானொலி ஓடும், கதவு திறக்காது. அரேலிஸ் தொலைபேசியில் கேட்பாள்.

“அப்பா, மாத்திரை போட்டீங்களா?”

“போட்டேன்.”

“சாப்பிட்டீங்களா?”

“ஆச்சு.”

“மேசைக்குப் போறீங்களா?”

“போறேன்.”

மூன்றும் பொய். பிரஷர் மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமல் இழுப்பறையில் கிடந்ததைப் பிறகு அவள் கண்டாள். மே மாதத் தொடக்கத்தில் கொல்லை மாமரத்திலிருந்து முதல் பழங்கள் விழ ஆரம்பித்தன. நெரெய்டா இருந்தால் கூடை கூடையாகத் தெருவுக்குப் போயிருக்கும். ஒரு காலைநேரம் பெர்சியோ நல்ல பழங்களாகப் பொறுக்கி, கிண்ணம் கிண்ணமாக அடுக்கிக்கொண்டிருந்ததை சுனில்டா வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தாள். எத்தனை வீட்டுக்கு அவர் கடன்பட்டிருந்தாரோ அத்தனைக்கும் என்று நினைத்துக்கொண்டாளாம். கூப்பிடலாமா என்று யோசிப்பதற்குள், கையில் ஒரு பழத்தோடு அவர் பக்கவாட்டில் சரிந்தார்.

ஒரு கிண்ணமும் போய்ச் சேரவில்லை. உயிர் பிழைத்தது. வலது கை பாதி திரும்பி வந்தது. பேச்சு வரவில்லை. “அறிவுக்கு ஒண்ணும் ஆகல, எல்லாம் புரியுது, நாக்குதான் கேக்கமாட்டேங்குது,” என்று மருத்துவர் அரேலிஸிடம் சொன்னார். அவள் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு வந்து சேர்ந்தாள். “மகள்னா இப்படி இருக்கணும்,” என்றுகூட யாரும் சொல்லவில்லை.

மருத்துவமனையிலிருந்து திரும்பிய வாரமே ஆண்கள் வந்தார்கள். ஒவீதியோவும் தூலியோவும் மேசையைத் தலையில் சுமந்துகொண்டு, செகுந்தோ பின்னால் நாற்காலிகளோடு. முன் வராந்தாவில் போட்டு, பெர்சியோவின் இடது கைப்பக்கம் காய்களை நிறுத்தி வைக்க ஒரு மரச்சட்டம்கூடச் செய்து கொண்டுவந்திருந்தார்கள். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் இல்லை. ஆடினார். நேர்மையாக ஆடினார்கள். அவர் முன்போலவே எல்லாக் காயையும் மனதில் எண்ணி வைத்திருந்தார். ஜெயித்தார், சில நாள் தோற்றார்.

“இப்பத்தான் இவரு அசல் டோமினோ ஆளு,” என்றார் ஒவீதியோ. “சுவத்துல எழுதுனது இவருக்குத்தான்.” பெர்சியோவும் வாயின் நல்ல பக்கத்தால் சிரித்தார். எல்லாருக்கும் பெரிய நிம்மதி. தொன் பெர்சியோ பழையபடி ஆகிவிட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசமுடியாதவரைப் பழையபடி என்று அவர்கள் சொன்னதில் பொய் ஏதும் இல்லை.

ஜூன் வந்தது. நெரெய்டாவின் வருட ஜெபம். மறுபடி தார்ப்பாய் கட்டினார்கள். கூடத்தில் பெண்கள், வாசலில் மேசை. அரேலிஸ் சமையலறையில் இரு பக்கத்துக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரே பானைதான் இரண்டு பக்கமும் போயிற்று.

“வருச ஜெபத்தைப் பாத்துட்டாரே,” என்றாள் தையற்காரி சுனில்டாவிடம். “நீ தோத்துட்ட.”

“அப்படியா?” என்றாள் சுனில்டா, வாசல் பக்கம் பார்க்காமலே.

வெளியே ஆட்டம் முடிவை நெருங்கியிருந்தது. தூலியோவின் கையில் ஒரே காய். அது நான்கு கொண்ட காய் என்று பெர்சியோவுக்குத் தெரியும். அந்த அளவு ஆடத் தெரிந்தவர் எவருக்கும் தெரியும். ஒரு முனையில் நான்கு திறந்து கிடந்தது. முறை பெர்சியோவுடையது. அவருடைய சட்டத்தில் நான்கும் ஆறும் கொண்ட காய் நின்றது. அதை வைத்தால் முனை அடைபடும், தூலியோ முடிக்க முடியாது. நான் அவர் பின்னால் நின்றிருந்தேன்.

அவர் தூலியோவின் முகத்தைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். பிறகு இடது கை விரல் மூட்டால் மேசையைத் தட்டினார். ஒருமுறை, தெளிவாக.

தூலியோ தயங்கி, நான்கை வைத்து முடித்தார். பெர்சியோ தம் காய்களைக் கவிழ்க்கவில்லை. நான்கு-ஆறை எடுத்து, மேசையின் நடுவில், தூலியோவுக்கு நேராக, நிமிர்த்தி வைத்தார். அவர் கண்கள் மூன்று பேரையும் சுற்றி வந்தன. வாயின் நல்ல பக்கம் அசைந்தது. வாழ்நாளில் ஒருமுறையும் செய்யாததை அவர் செய்திருந்தார். அன்று தமக்காகத் தட்டியவர்களுக்கே அதைத் திருப்பிக் கொடுத்தார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஒவீதியோ காயைப் பார்த்து முகம் வெளுத்தார். “காயிருக்கு... தட்டிட்டாரே.”

“இவரா? இவரு தட்டமாட்டாரே!” என்றார் தூலியோ. “மறுபடி வந்துருச்சு போலருக்கு. அரேலிஸ்! அரேலிஸ்!”

செகுந்தோ எழுந்து பெர்சியோவின் தோளைப் பிடித்தார். “கொம்பாத்ரே, என்னைப் பாருங்க. கையைத் தூக்குங்க. இது எத்தனை விரல்?” பெர்சியோ தலையை ஆட்டினார். நான்கு-ஆறை எடுத்து மறுபடி மேசையில் அடித்தார். மறுபடியும் அடித்தார். “பாருங்க, கை நடுங்குது,” என்றார் செகுந்தோ, அழுதுகொண்டே.

ஜெபம் நின்றது. பெண்கள் வெளியே ஓடிவந்தார்கள். யாரோ ஈரத்துணி கொண்டுவந்தார்கள், யாரோ பிரஷர் கருவியை எடுத்துவந்தார்கள். நான்கு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிப் படுக்கையறைக்குக் கொண்டுபோனார்கள். பிரஷர் சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் அரேலிஸ் அன்றே சொல்லிவிட்டாள், இனி ஆட்டம் வேண்டாம், மூளைக்கு ஆகாது என்று. எல்லாரும் அது சரி என்றார்கள்.

மேசை கடைக்குத் திரும்பியது. அவர் இடத்தில் ஒவீதியோவின் மச்சான் உட்காருகிறான், சுமாராக ஆடுவான். மாலைகளில் பெர்சியோவை வராந்தாவில் நிழல் பார்த்து உட்கார வைக்கிறார்கள். போகிற வருகிற பெண்கள் தலையைக் கோதிவிட்டுப் போகிறார்கள், ஆண்கள் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். எல்லாரும் அன்பாக இருக்கிறார்கள். சில நேரம் அவர் நாற்காலியின் கைப்பிடியில் விரல் மூட்டால் தட்டுவார். அரேலிஸ் உள்ளேயிருந்து வந்து, தண்ணீரா, கொல்லைக்கா என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போகிறாள்.